ஒரே அளவு நீலம்

முப்பது வருடமாகப் பல் பிடுங்குகிறேன், அடைக்கிறேன், கேப் மாட்டுகிறேன். கொஞ்ச காலமாக எங்கள் கிளினிக்கில் எந்தக் கேப்பும் முதல் தடவையிலேயே சரியாக உட்கார்ந்ததில்லை. அதனால்தான் அன்று காலை சிகிச்சைக்கு வந்திருந்த ஒரு சிரிப்புக்காரியின் கடைவாயில் கேப் கச்சிதமாகப் போய் உட்கார்ந்ததும் எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது.

நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொன்னேன். கேப் உயரமாக இருந்தால் அதன் மேல் மட்டும் நீலம் அப்பிக்கொள்ளும். அந்த இடத்தைத் தேய்க்க வேண்டும். மறுபடி கடி, மறுபடி தேய்ப்பு. ஒரு கேப்புக்கு நாலைந்து தடவையாவது இந்தக் கூத்து நடக்கும். சிரிப்புக்காரிக்கோ எல்லாப் பல்லிலும் ஒரே அளவு நீலம்.

கேப் செய்வது என் கணவர். பின்னறைதான் அவருடைய லேப். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அவருடைய அஜாக்கிரதையை மனதுக்குள்ளும் சில சமயம் வாய்விட்டும் திட்டுவேன். அவர் பதில் சொல்ல மாட்டார். பதில் பேசாத ஆம்பளையை நம்பவே கூடாது என்பது என் கட்சி. போன வருடம் கல்யாண நாளுக்கு, டாக்டர்கள் மாட்டிக்கொள்கிற பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்து நீட்டினார். திடீர்ப் பரிசு கொடுக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்று பெட்டியோடு டிராயரில் தள்ளிவிட்டேன்.

அப்படிப்பட்டவர் இவள் ஒருத்திக்கு மட்டும் ஏன் இழைத்து இழைத்துச் செய்ய வேண்டும்? இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் மகளின் பட்டமளிப்புக்குப் போயிருந்தேன். என் நாத்தனாரும் பல் டாக்டர்தான். அன்று எனக்குப் பதிலாக வந்து, கேப் உட்காருவதற்காக இவள் பல்லைச் சுற்றிலும் தேய்த்து அளவு எடுத்துக்கொடுத்துவிட்டுப் போனார். பல்லின் நிறம் பார்க்க என் கணவரே பின்னறையை விட்டு வெளியே வந்தாராம். இவளை ஜன்னலோரம் நிற்க வைத்து, மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பத்து நிமிடம் பார்த்தாராம். இவள் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். வரவேற்பில் இருக்கிற பெண் சொன்னபோது நான் காதில் வாங்காத மாதிரி இருந்தேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் வாங்கியிருந்தேன். நிறம் பார்க்க நான் கூப்பிட்டால், நிறத்தின் நம்பரைச் சொன்னால் போதும் என்கிற மனுஷன் அவர்.

கேப்பைக் கழற்றி, அவளைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டுப் பின்னறைக்குப் போனேன். இருபத்தாறு வருடக் கல்யாணம் என் உள்ளங்கையில் ஒரு கடைவாய்ப் பல் அளவுக்கு உட்கார்ந்திருந்தது. இன்று கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று இருந்தேன்.

“எனக்கு வர்ற எந்த கேப்பும் உட்கார மாட்டேங்குது. இவளுக்கு மட்டும் எப்படி?” என்றேன்.

“உட்கார்ந்துடுச்சா?” என்றார். மாட்டிக்கொண்டவர் முகமாக அது இல்லை. பயந்தவர் முகமாக இருந்தது.

“எல்லாருக்கும் பண்ற மாதிரிதான் பண்ணேன்.”

“பொய் சொல்லாதீங்க.”

அலமாரியிலிருந்து இரண்டு பிளாஸ்டர் பல் அச்சுகளை எடுத்து விளக்கடியில் வைத்தார். ஒன்று சிரிப்புக்காரியுடையது. தேய்த்த பல்லைச் சுற்றி நகத்தால் கீறியது போல ஒரு விளிம்பு, முழு வட்டம். கேப் அங்கேதான் முடிய வேண்டும். இன்னொன்று போன வாரம் நான் தேய்த்த பல். கன்னத்துப் பக்கம் விளிம்பு இருந்தது. நாக்குப் பக்கம் போகப் போக அது கரைந்து காணாமல் போயிருந்தது. அங்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. விளிம்பு தெரியாத இடத்தில் அவர் குத்துமதிப்பாகப் போட்டது. அப்படிச் செய்த கேப் முழுசாக இறங்காமல் உயர்ந்துதான் நிற்கும்.

அளவு எடுத்ததில் கோளாறாக இருக்கும் என்றேன். அவர் இன்னொன்றை எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொன்று. ஏழு அச்சுகள், ஏழும் என் வேலை. ஏழிலும் அதே பக்கம் சிவப்புக் கோடு.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“ஏன் சொல்லல?”

“கண்ணாடி வாங்கிக் கொடுத்தேனே,” என்றார். “அதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு வருடம் என் கண்ணின் குறையை அவர் தலையில் கட்டித் திட்டியிருக்கிறேன். அவரும் அதை வாங்கிக்கொண்டு குத்துமதிப்பாகக் கோடு போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

திரும்பி வந்து டிராயரைத் திறந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். சிமெண்டைக் குழைத்துக் கேப்புக்குள் தடவி, பல்லில் அழுத்தி, பஞ்சைக் கடிக்கச் சொன்னேன். இறுகியதும் சுற்றிலும் பிதுங்கிய சிமெண்டைச் சுரண்டினேன். நாக்குப் பக்கம் கேப்பும் பல்லும் சேருகிற இடம் மயிரிழை கூட இடைவெளி விடாமல் இருந்தது. என்னால் அப்படித் தேய்க்க முடிந்த காலம் ஒன்று உண்டு. அழுகை வந்தது. நாத்தனாரின் வேலை என்பதால் கொஞ்சம் எரிச்சலும் வந்தது.

சிரிப்புக்காரி கைக்கண்ணாடியில் முகம் பார்த்து, பல்லை இப்படியும் அப்படியும் கடித்துப் பார்த்தாள். “புதுப் பல்லுன்னே தெரியல டாக்டர். எல்லாம் உங்க கைராசி.”

பின்னறையில் மெஷின் சத்தம் நின்றது.

“என் கை இல்லம்மா,” என்றேன். “அன்னைக்கு உங்க பல்லைத் தேய்ச்சது என் நாத்தனார். அவங்க கைதான்.”

அடுத்து உட்கார வேண்டியவருக்குக் கேப்புக்காகப் பல் தேய்க்கும் வேலை. அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு நாத்தனாருக்கு போன் போட்டேன்.

“அண்ணி, நாளைக்குக் கொஞ்சம் வர முடியுமா?”