பாலத்தில் ஒளிந்திருந்த பிழை

புகழ்பெற்ற வடிவமைப்பாளர் குரோயிவா உருவாக்கிய வீடியோ கேம் சிகுசாவுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. பன்னிரண்டு வயதில் அதன் தொங்கு பாலத்திலிருந்து விழுந்து விழுந்தே ஒரு கோடை விடுமுறையைத் தொலைத்தவள். இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதே கேமைப் புதிதாக உருவாக்கும் வேலை, ஒசாகாவில் அவள் குழுவிடம் வந்து சேர்ந்தது.

பழைய நிரலைப் பிரித்த மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டது. பாலத்தில் தாவும்போது, மூன்றில் ஒரு தடவை பொத்தானை அழுத்தியதே பதிவாகவில்லை. இதைத்தான் குரோயிவா பேட்டிக்குப் பேட்டி, "சரியாகத் தாவினாலும் விழுவோம், அதுதான் வாழ்க்கை" என்று அளந்துகொண்டிருந்தார். அதைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு அலையவும் ஆட்கள் இருந்தார்கள்.

அவள் பிழையை நீக்கினாள். கேள்விப்பட்ட குரோயிவா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எல்லோரும் எழுந்து, குருவை அழைப்பதுபோல் "சென்செய்" என்று குனிந்தார்கள். சிகுசா நாற்காலியை மட்டும் திருப்பினாள்.

"பாலத்துல கை வெச்சிட்டியாமே? அது என் கேமோட உயிரும்மா."

"உயிரெல்லாம் இல்ல, குரோயிவா சான். பிழை." "சென்செய்" என்பதற்குப் பதில், யாருக்கும் போடும் வெறும் "சான்"தான் அவள் வாயில் வந்தது.

"உங்க தலைமுறைக்குக் கஷ்டப்படவே தெரியாது. ஊட்டி விடணும்."

"அப்ப நீங்க தாண்டிக் காட்டுங்க."

பழைய கேமை ஓடவிட்டாள். அவர் விழுந்தார். பதினோராவது தடவையும் விழுந்தார்.

"கன்ட்ரோலர் சரியில்ல."

"நேத்து வாங்கினது."

பிறகு புதியதைப் போட்டாள். இதில் காற்று கயிற்றை ஆட்டியது; உடையப்போகும் பலகை முன்கூட்டியே முனகியது. இரண்டு தடவை விழுந்தார், இரண்டும் அவர் அவசரத்தால். மூன்றாவதில் அக்கரை சேர்ந்தார். அங்கே பனிமூட்டத்துக்குள் ஒரு பள்ளத்தாக்கு விரிந்தது.

"இது நான் வரைஞ்சது," என்றார் மெதுவாக.

"ஆமா. ரொம்ப அழகா இருக்கு. பாக்க வந்தவங்களைத்தான் பாதியிலயே தள்ளிவிட்டுட்டீங்க."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேம் வெளியாகுறதுக்கு முந்தின வாரம்தான் பிழை தெரிஞ்சுது. திருத்த நேரமில்ல. ஒரு நிருபர் தத்துவம்னு எழுதினான். நானும் ஆமான்னுட்டேன்."

"இருபத்தாறு வருஷமாவா?"

அவர் கன்ட்ரோலரை மேசையில் வைத்தார். அவளுக்கு இரக்கம் வரவில்லை; வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை.

புதிய கேம் அமோகமாக விற்றது. வெளியான வாரமே குரோயிவா தொலைக்காட்சியில் தோன்றினார். "ஆரம்பத்துலேர்ந்தே நான் மனசுல வெச்சிருந்த பாலம் இதுதான்," என்றார், கண் கலங்க.

சிகுசா ஒலியைக் குறைத்துவிட்டு, ஆறிக்கொண்டிருந்த உடோன் நூடுல்ஸைச் சாப்பிட ஆரம்பித்தாள்.