யாரும் கோபிக்காத மூன்று நாள்

கலம்காஸ் வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்து பதினேழு நாள் ஆகிவிட்டது. மகள் தொல்கனாயைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பிவைக்கும் விருந்துக்கு இன்னும் ஆறே நாள். சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் வருகிறார்கள். குதிரைக்கறி வேக வேண்டும், தேநீர் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டுமே!

தெருமுனையில் குழாய் உடைந்த அன்று, படம் எடுத்து மாவட்ட அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் போட்டவளும் இதே கலம்காஸ்தான். அங்கே செய்திப் பிரிவில் அவளுக்கு வேலை. ‘விரைவில் சரிசெய்யப்படும்’ என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள். அந்தப் பதிவுதான் வினையாய் முடிந்தது.

அந்த வருஷம் மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு மென்பொருள் வந்திருந்தது. பதிவின் முகவரியை அதில் ஒட்டினால் போதும். எத்தனை பேர் பொத்தானை அமுக்கினார்கள், எத்தனை பேர் கருத்து எழுதினார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று பொறுக்கிக்கொண்டு வந்து, கூட்டி, ஒரே எண்ணாகச் சொல்லிவிடும். தராசு என்று அதற்குப் பெயர். வாழ்த்தும் வசவும் அந்தத் தராசில் ஒரே எடை.

மாவட்டத் தலைவர் தெமிர்தாஸ் மரம் நட்ட படத்துக்கு விழுந்தது முப்பத்தொன்று. அதில் இருபத்தொன்பது அலுவலகத்து ஆட்கள். உடைந்த குழாய்க்கோ ஒன்பதாயிரத்து நானூறு! அத்தனையும் கோப முகம், சாபம். எண் பெரிதான மாவட்டத்துக்கே முதலிடம் என்பது தலைநகரின் கணக்கு. பதினான்கு மாவட்டங்களில் அவர்களுடைய சாரிகுடுக்தான் முதல். தலைநகருக்குக் கூப்பிட்டு, தெமிர்தாஸின் தோளில் சரிகை அங்கி போர்த்தினார்கள். அன்றிலிருந்து அவர் அதைக் கழற்றவில்லை.

“அகாய், தோண்டுற வண்டி ஆபீஸ் வாசல்லயே நிக்குதே. குழாயை எப்ப சரி பண்றது?” என்று கேட்டாள் கலம்காஸ். பெரிய மனிதர்களை அங்கே அகாய் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“சரி பண்றதா? உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா? நாளைக்குப் புதுப் படம் போடு. சேறு நல்லாத் தெரியணும்.”

“என் பொண்ணோட விருந்து அகாய்…”

அவர் முகம் மலர்ந்தது. “அடடே! தண்ணியில்லாத கல்யாண வீடு! எத்தனை பேர் அழுவாங்க தெரியுமா? மணப்பொண்ணு கையில ஒரு காலி வாளியக் குடு.”

அவள் வீட்டுக்கு வந்து அந்தக் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து, தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்ற பெண்களிடம் போனாள்.

“மூணு நாளைக்கு யாரும் ஒண்ணும் எழுதாதீங்க. கோப மூஞ்சியக்கூட அமுக்காதீங்க. நாம திட்டத் திட்டத்தான் அவர் சரி பண்ண மாட்டேங்கிறார்.”

“நல்லா இருக்குடி கெலின்!” என்றாள் பக்கத்து வீட்டு உல்பிகே. கலம்காஸ் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் அந்தக் கிழவிக்கு இன்னும் கெலின், புது மருமகள்தான். “தண்ணியும் கிடையாது, திட்டவும் கூடாதுன்னா மனுஷி எதை வச்சு வாய் கொப்புளிக்கிறது?”

“அபா, தொல்கனாய் உங்க பேத்தி மாதிரிதானே?” என்று கிழவியின் கையைப் பிடித்தாள் கலம்காஸ்.

உல்பிகே பல்லைக் கடித்துக்கொண்டு, “என் கை சும்மா இருக்காது. நீயே புதைச்சு வை” என்று கைப்பேசியை நீட்டினாள். கலம்காஸ் அதை ஒரு துணியில் சுற்றி, உல்பிகே வீட்டு மாவு மூட்டைக்குள் புதைத்துவைத்தாள்.

ஊரெல்லாம் எப்படி அடங்கும் என்று கேட்பீர்கள். ஏழு தலைமுறைப் பெயரை மனப்பாடமாய்ச் சொல்கிற ஜனம் அது. அந்த ஊரில் யார்தான் யாருக்கு உறவில்லை? சாயங்காலத்துக்குள் அத்தை, சித்தி, ஓரகத்தி என்று சேதி ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

சேறு நன்றாகத் தெரிகிற படத்துக்கு முதல் நாள் இருநூற்றுப் பன்னிரண்டு. மறுநாள் போட்டதற்கு ஒன்பது. மூன்றாம் நாள் ஒன்று. அந்த ஒன்றும் தெமிர்தாஸே அமுக்கிய கோப முகம்.

“என்ன ஆச்சு இந்த ஜனங்களுக்கு? செத்துட்டாங்களா?”

“பழகிடுச்சு அகாய். இனிமே இந்தக் குழாய்ல ஒண்ணும் தேறாது.”

“அங்கியத் திருப்பிக் கேப்பாங்களா?” அவர் அங்கியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

“சரி பண்ணிப் பார்க்கலாமே. இதுவரைக்கும் யாரும் பண்ணினதில்லையே, ஜனங்களுக்குப் புதுசா இருக்கும்.”

அவர் யோசித்தார். இருபது நாளாய் வாசலில் நின்ற வண்டி, நாற்பது நிமிஷத்தில் வேலையை முடித்தது. சரிகை அங்கியோடு குழியில் நின்று தெமிர்தாஸ் படம் எடுத்துக்கொண்டார்.

விருந்து குறைவில்லாமல் நடந்தது. சம்பந்திகள் பத்துப் பத்துக் கோப்பை தேநீர் குடித்தார்கள். தொல்கனாய் ஏறிய வண்டி, மூடிய குழியின் மேலேறித் திரும்பி மறைந்தது. கலம்காஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதுவரை பொறுத்திருந்த உல்பிகே மூட்டையிலிருந்து கைப்பேசியை எடுத்து மாவைத் தட்டினாள். அடக்கிவைத்திருந்த சாபத்தையெல்லாம் தெமிர்தாஸ் படத்தின் கீழே கொட்டினாள். அவளைப் பார்த்து ஊரே கொட்டியது. மறுநாள் காலையில் தராசு பதினோராயிரத்து இருநூறு என்றது.

பத்து மணிக்குத் தெமிர்தாஸ் அங்கியோடு தெருமுனைக்கு வந்தார். மூடிய குழியைச் சுற்றி நடந்தார். செருப்பு நுனியால் மண்ணை அழுத்திப் பார்த்தார். “இன்னொரு தடவை சரி பண்ணலாம்னு தோணுது” என்றார்.

கலம்காஸ் வீட்டுக்கு ஓடி, அண்டா, வாளி, ஆட்டுக்குட்டிக்குப் பால் வைக்கும் கிண்ணம் வரைக்கும் ஒன்றுவிடாமல் தண்ணீர் பிடித்துவைத்தாள்.