மீட்கப்பட்டவர்கள் இருபது பேர்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சர்ச் திருவிழாவின் அசனப் பந்திச் சாப்பாட்டுக்குப் புறப்பட்ட பத்தொன்பது ஓய்வுபெற்ற வாத்தியார்களையும் டீச்சர்களையும் நாங்கள் கூடங்குளம் தாண்டி ஒரு வளைவில் வைத்து மீட்டோம். யாரிடமிருந்து என்று கேட்காதீர்கள். நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் எஸ்றா, மேலிடம் சொன்னதை எழுதுகிறவன். வேன் டிரைவர் கிங்ஸ்டனிடமிருந்து மீட்டதாக எழுதினேன்.

ஆள் கடத்தலுக்கு எதிரான புதுச் சட்டம் வந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். கடற்கரைச் சாலையில் பதினைந்து பேருக்கு மேல் ஏற்றிப்போகும் வண்டியில் சந்தேகம் தட்டினால் வண்டியைப் பிடிக்க வேண்டும், டிரைவரைக் கைது செய்ய வேண்டும், உள்ளே இருப்பவர்களை மீட்க வேண்டும். மீட்டவர்களை வழக்கு முடியும்வரை அரசாங்கமே காவல் போட்டுக் காப்பாற்ற வேண்டும். 'எங்களை யாரும் கடத்தவில்லை' என்று அவர்கள் சொன்னால் நம்பக் கூடாது. கடத்தப்பட்டவர்கள் பயத்தில் அப்படித்தான் சொல்வார்களாம். இதை எழுதிய மகராசன் யாரென்று தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும்.

வேனுக்குள் ஆளுக்கொரு பத்தமடைப் பாய் இருந்தது. பந்தி முடிந்ததும் கோயில் வளாகத்தில் விரித்துப் படுப்பதற்கு. நார்த்தங்காய் ஊறுகாய் இருந்தது, வாந்தி மாத்திரை இருந்தது. இன்ஸ்பெக்டர் அனுராதா மேடம் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து, "கடல் பயணத்துக்குத் தயாரா வந்திருக்காங்க" என்றார்.

"எங்க போறீங்க?"

பத்தொன்பது பேரும் ஒரே குரலில், "அசனத்துக்குப் போகிறோம் அம்மா" என்றார்கள்.

"எதுக்கு?"

"சாப்பிடுவதற்குப் போகிறோம் அம்மா."

ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதிலிருந்து வினா விடை ஒப்பித்து வளர்ந்த கூட்டம். கேள்வி என்று ஒன்று வந்தால் எல்லோரும் சேர்ந்துதான் பதில் சொல்வார்கள், அதுவும் முழு வாக்கியத்தில். நானும் அதே பள்ளிக்கூடத்து ஆள்தான், எனக்குத் தெரியும். மேடத்துக்குத் தெரியாது. "யாரோ சொல்லிக் குடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. எழுதுங்க எஸ்றா" என்றார். நான் எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன.

அவர்களை ஊர்ச் சமுதாய நலக்கூடத்தில் வைத்தோம். ஒரு நேரத்துக்கு நான்கு போலீஸ் என்று மூன்று ஷிப்டுக்குப் பன்னிரண்டு பேர். பிடிபட்ட வேனைக் காக்க மூன்று பேர். எங்கள் ஸ்டேஷனில் மொத்தமே பதினேழு பேர். மிச்சம் மேடமும் நானும். ஆடு திருட்டுப்போனது என்று வந்தவனிடம், வழக்கு முடிந்ததும் வா என்றேன். நலக்கூடத்தில் நடக்க வேண்டிய கல்யாணம் பஸ் நிறுத்தத்தில் நடந்தது. பஸ் வரும்போதெல்லாம் பெண்ணும் மாப்பிள்ளையும் எழுந்து வழிவிட்டார்கள். இரண்டு தெருவுக்கு வரும் தாமிரபரணித் தண்ணீர் லாரி நலக்கூடத்துக்குத் திரும்பியது. வாத்தியார்கள் இரண்டு வேளை குளிப்பவர்கள்.

கிங்ஸ்டனுக்கு மூன்று வாரத்தில் ஜாமீன் கிடைத்தது. தினம் இரண்டு தடவை ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் ஊரிலேயே தங்கிவிட்டார். காவலில் இருப்பவர்களுக்குச் சோறு கொண்டுவர வேறு ஆள் அகப்படாமல் தாசில்தார் அவரையே பிடித்துப்போட்டார். கடத்தியவர் பரிமாற, கடத்தப்பட்டவர்கள் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

காவல் வைத்த நாற்பத்து மூன்றாம் நாள் மதியம் மூன்று மணிக்கு விக்டோரியா வந்தாள். கடற்கரையில் மீன் விற்கிறவள். சேலையில் ஒட்டிய மீன் செதிலைக்கூடத் தட்டாமல் அப்படியே ஓடி வந்திருந்தாள்.

"ஏட்டையா, எம்மவ ஸ்டெஃபிய கிளமென்ட் கூட்டிட்டுப் போவுதான். ஆறு மணிக்கு திருநெல்வேலி வண்ணார்பேட்டையில மெட்ராஸ் பஸ் ஏறுதாவ. ஒரேயொரு போலீஸ எங்கூட அனுப்புங்க."

கிளமென்ட், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் பெண்களை அனுப்பும் ஏஜெண்ட். போன வருஷம் அவன் அனுப்பிய பக்கத்துத் தெருப் பிள்ளையிடமிருந்து ஆறு மாதமாகப் போன் இல்லை. ஆனால் அவனிடம் லைசென்ஸ் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, ஸ்டெஃபி கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இருந்தது. புதுச் சட்டத்துக்குக் காகிதம் வைத்திருப்பவன் மேல் கோபமே கிடையாது.

"போலீஸ் இல்லம்மா. எல்லாரும் காவலுக்குப் போயாச்சு."

"யாருக்குக் காவல்?"

"கடத்தப்பட்டவங்களுக்கு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப எம்மவளையும் அதுல எழுதிருங்க" என்றாள்.

நான் சிரிக்கப் போனேன். சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மீட்கப்பட்டவர்களில் ஒருவர் காணாமல் போனால் பொறுப்பு அதிகாரிக்கு வேலை போய்விடும். அப்படி ஒருவர் தொலைந்தால் மாவட்டமே கிளம்பித் தேடும்.

காவல் பதிவேட்டின் எண்ணிக்கைக் கட்டத்தில் நான் தினமும் 'அனைவரும் உள்ளனர்' என்றுதான் எழுதுவேன். எத்தனை பேர் என்பது பின்னால் இணைத்திருந்த பட்டியலில் மட்டும் இருந்தது. அதில் இருபதாவதாக ஸ்டெஃபி என்று எழுதினேன். குற்றம்தான்.

நலக்கூடத்துக்கு ஓடி பாக்கியசீலன் சாரிடம் விஷயத்தைச் சொன்னேன். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர், அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

"பொய் சொல்லமாட்டேன் வே" என்றார். "முப்பத்தஞ்சு வருஷம் பிள்ளையளுக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? கிங்ஸ்டன் தலையில இன்னொரு ஆளை வேற ஏத்தச் சொல்லுதீரு."

"பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் தண்டனை ஒண்ணுதான் சார்."

சோற்று வாளியோடு நின்றிருந்த கிங்ஸ்டன், "ஏத்துங்க சார், வண்டியில இடம் இருந்துச்சு" என்றார்.

சார் அப்போதும் தலையை ஆட்டவில்லை. மனைவி சாலோமி டீச்சர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு மணிக்கு மேடத்தை எண்ண அழைத்து வந்தேன். எண்ணினார். பத்தொன்பது. பட்டியலைப் பார்த்தார். மறுபடி எண்ணினார். முகம் வெளுத்துவிட்டது.

"உண்மையச் சொல்லுங்க. வேன்ல எத்தனை பேர் வந்தீங்க?"

பாக்கியசீலன் சார் வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குள் சாலோமி டீச்சர் கணீரென்று, "இருபது பேர் வந்தோம் அம்மா" என்றார். அறுபது வருஷத்துப் பழக்கம் எங்கே போகும்? மற்ற எல்லோரும் சேர்ந்து, "இருபது பேர் வந்தோம் அம்மா" என்று ஒப்பித்தார்கள். சாரின் வாயும் கூடவே அசைந்ததை நான் பார்த்தேன். அப்புறம் அவர் யாரோடும் பேசாமல் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

மேடம் முதல்முறையாக அவர்கள் சொன்னதை நம்பினார்.

ஒயர்லெஸ் அலறியது. வண்ணார்பேட்டை மெட்ராஸ் பஸ்ஸில் தேடச் சொல்லி நானே எடுத்துக்கொடுத்தேன். ஐந்தே முக்காலுக்கு வண்ணார்பேட்டையில் நின்ற ஆம்னி பஸ்ஸை இரண்டு ஜீப்பும் ஒரு மோப்ப நாயும் வளைத்தன. ஜன்னலோரம் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஸ்டெஃபியைப் பதினோரு போலீஸ்காரர்கள் இறக்கினார்கள். கிளமென்ட் காகிதங்களை நீட்டினான். மீட்கப்பட்ட ஒருத்திக்கு எந்தக் காகிதமும் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். சட்டம் வந்ததிலிருந்து அது செய்த ஒரே உருப்படியான காரியம் இதுதான், அதையும் நான் பொய் எழுதித்தான் செய்ய வைத்தேன்.

ஸ்டெஃபி மூன்று நாள் கத்தினாள். அம்மா முகத்தில் முழிக்கமாட்டேன் என்றாள். தனக்கு நல்ல வேலை என்றும் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கெடுத்துவிட்டோம் என்றும் ஏசினாள். "விட்டா நாளைக்கே போவேன்" என்றாள். காகிதம் இருந்ததால் கைதாகாமல் தப்பிய கிளமென்ட் எதிரே டீக்கடையில் தினமும் காலையில் வந்து உட்கார்ந்தான். அவள் பாஸ்போர்ட் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது. டீயைக் குடித்துவிட்டு, நலக்கூடத்து வாசலில் நிற்கும் நான்கு போலீஸையும் எண்ணுவதுபோலப் பார்த்துவிட்டுப் போவான்.

போன வெள்ளிக்கிழமை அரசு வக்கீல் போன் பண்ணினார். வழக்கு நிற்காதாம். திங்கட்கிழமை நீதிபதி எல்லோரையும் விட்டுவிடுவாராம். வாத்தியார்கள் பாய்களைச் சுருட்டிக் கட்டினார்கள். கிங்ஸ்டன் சந்தோஷத்தில் பாயசம் வைத்தார். மேடத்துக்கும் நிம்மதி, பதினைந்து போலீஸும் திரும்பி வருவார்கள்.

மாலையில் விக்டோரியா ஸ்டேஷனுக்கு வந்தாள்.

"ஏட்டையா, திங்கக்கெழம எல்லாரையும் விட்டுருவாவளாமே, மெய்தானா?"

"மெய்தான். சந்தோஷமா இரு. மவ வீட்டுக்கு வந்துருவா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எப்படி ஏட்டையா சந்தோஷப்பட? உள்ள இருந்தா எம்மவளுக்கு நாலு போலீஸ் காவல். வெளிய வந்தா நான் ஒருத்திதான்."