உளிக்கு நான் எழுதிய சாட்சி

பஸ் டிப்போ ஓய்வறையில் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுப் பெஞ்சில் காலை நீட்டியிருந்தபோது உளி வந்து நின்றான். பார்த்து ஒன்பது வருஷம். பழைய சிநேகிதனைப் பார்த்தால் சந்தோஷம் வர வேண்டும். எனக்கு எந்தக் கதவு வழியாக நழுவலாம் என்ற யோசனைதான் வந்தது.

தச்சு வேலை தெரிந்தவன் என்பதால் படையில் அவனுக்கு நான் வைத்த பெயர் உளி. பிழைக்க வந்த நாட்டில், ஐந்து வருஷம் காலாட்படையில் இருந்தால் குடியுரிமை என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட கூட்டத்தில் நாங்களும் இருந்தோம். எங்கள் பிரிவில் தமிழ் பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் அவனைவிட ஒரு சாண் உயரம். இருந்தும் அங்கே எல்லோர் கண்ணுக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முகம். அவனைத் திட்ட வேண்டிய அதிகாரி என்னைப் பிடித்துத் திட்டுவார், நாங்கள் அப்புறம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

சண்டை வந்தது. ஒரு நாள் காலையில் பாலத்தடியில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார்கள். உளி மூன்று தடவை ஓடினான், மூன்று பேரையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். மூன்றாம் தடவை அவன் தோளிலேயே குண்டு பாய்ந்தது. நான் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தேன். பதுங்கியிருந்தேன் என்றால் கௌரவமாக இருக்கும். சும்மா முகத்தை மண்ணில் அழுத்திக்கொண்டு கிடந்தேன், அவ்வளவுதான்.

அவனை எங்கோ தூரத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார்கள். பத்து நாள் கழித்து அதிகாரி எங்களை வரிசையாக நிறுத்தினார். புழுதிக்கு நடுவே தன் கண்ணால் பார்த்ததாக அந்த மூன்று பேர் கதையை வாசித்தார். வாசித்துவிட்டுப் பதக்கத்தை என் சட்டையில் குத்தினார். அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். பதக்கம் வாங்கியவனுக்குக் குடியுரிமை உடனே என்றார்கள். வாயை மூடிக்கொண்டு சல்யூட் அடித்தேன்.

"பதக்கம் வாங்கின டிரைவர் ஒருத்தர் இங்க இருக்கார்னு சொன்னாங்க. நீன்னு தெரிஞ்சதும் எனக்கு இருப்பே கொள்ளல மச்சான்" என்றான் உளி. "எதுக்குடா குடுத்தாங்க?"

"பொதுவாத்தான். மொத்தமாப் பாத்துக் குடுத்தாங்க."

என்னமோ பள்ளிக்கூடத்தில் நன்னடத்தைக்குப் பேனா கொடுத்தமாதிரி சொன்னேன். அவன் அதையும் நம்பினான்.

பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு படிவத்தையும் உறையையும் எடுத்தான். தோள் போனதால் அவனை முன்னதாகவே அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு நாலு மாசம் குறை. அதனால் குடியுரிமை இல்லை. அது இல்லாமல் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக்கொள்ள முடியாது. மகளைக் கைக்குழந்தையாக விட்டுவந்தவன். விசேஷமான வீரச்செயல் இருந்தால் அந்த நாலு மாசத்தைத் தள்ளுபடி செய்வார்களாம். பதக்கம் பெற்ற ஒருவர் நேரில் பார்த்ததாக எழுதித் தர வேண்டுமாம்.

"அந்த மூணு பேரத் தூக்கியாந்தத நீ மூட்டைக்குப் பின்னால இருந்து பாத்தியே, அத எழுதினாப் போதும். எனக்கு உன்ன விட்டா யாரு சாட்சி?"

படிவத்தில் 'நேரில் கண்ட வீரச்செயல்' என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே 'சாட்சியின் பதக்க எண்'. அந்த எண்ணைப் போட்டதும் என் கோப்பை எடுப்பார்கள். அதே பாலம், அதே மூன்று பேர், தூக்கியவன் மட்டும் வேறு. என் குடியுரிமை, பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற வீடு, இந்த வேலை எல்லாம் அந்த எண்ணில்தான் நிற்கின்றன.

பேனாவைத் திறந்தேன். 'நேரம் தவறாதவர். துப்பாக்கியைச் சுத்தமாக வைத்திருப்பார். மேலதிகாரிக்கு அடங்கி நடப்பவர். உடைந்த பெஞ்சு, ஸ்டூல்களைப் பழுதுபார்ப்பதில் கெட்டிக்காரர்.' கட்டம் நிறைய வேண்டும் என்பதற்காக எழுத்தைப் பெரிதாக எழுதினேன். எண்ணைப் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

படிவமும் நான் எழுதியதும் இந்த நாட்டு மொழியில். உளிக்கு அதைப் பேச வரும், படிக்க வராது.

"படிச்சுக் காட்டு மச்சான், கேப்போம்."

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, அதில் இல்லாததைத் தமிழில் படித்தேன். பாலத்தடி, புழுதி, மூன்று பேர், மூன்று ஓட்டம், தோளில் குண்டு, ஒன்று விடாமல். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். முடிந்ததும் மூக்கை உறிஞ்சினான். பிறகு செல்போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தான்.

"இன்னொரு தடவை படி. அவளும் கேக்கட்டும்."

படித்தேன். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகவே வந்தது.

"ஏணியிலருந்து விழுந்து தோள் போச்சுன்னு சொன்னாருண்ணா" என்றாள் அவன் மனைவி. "இத்தன வருஷமா ஒரு வார்த்த சொல்லல. கண்ணால பாத்த நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியுது. உங்க பிள்ளகுட்டியெல்லாம் நல்லாருக்கணும்ணா."

பிறகு மகளின் குரல் வந்தது. "மாமா, அப்பா அவங்களத் தூக்கிட்டு வந்தப்ப நீங்க என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் பேனாவின் மூடியைத் தேடினேன்.

"மாமா பதக்கம் வாங்கினவரு கண்ணு" என்று உளி முந்திக்கொண்டான். "அவரு செஞ்சதுக்கு முன்னால அப்பா செஞ்சதெல்லாம் ஒண்ணுமேயில்ல."

நான் காகிதத்தை மடித்து உறையில் வைத்து, விளிம்பை எச்சிலால் நனைத்து ஒட்டி அவனிடம் நீட்டினேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.