இன்னைக்கோ நாளைக்கோ

அந்தக் குழந்தைகள் காப்பகத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தக் குழந்தை அங்கே முதல் அடி வைத்தாலும் பெற்றவளிடம் மூச்சு விடக்கூடாது. "இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவான் போல இருக்கு, பார்த்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். அன்று மாலையே வீட்டில் பிள்ளை நடக்கும். மறுநாள் அம்மாக்காரி தலைகால் புரியாமல் ஓடி வருவாள். "அடப்பாவி, எங்ககிட்ட காட்டவே இல்லையே, திருட்டுப் பயல்!" என்று ஆயாக்கள் வாயைப் பிளக்க வேண்டும்.

வாயைப் பிளப்பதில் சின்னக்காவை அடிக்க ஆளில்லை. ஏழு வருடப் பழக்கமாயிற்றே! ஆனால் அவளுக்கும் வீட்டில் பதினோரு மாதத்துப் பெண் ஒன்று இருக்கிறது. ஆயாக்கள் சொந்தப் பிள்ளையை அழைத்து வரக்கூடாதாம், நிர்வாகத்தின் உத்தரவு. என்ன அநியாயம் பாருங்கள்! இரவுக் காவல் வேலை பார்க்கும் கணவர்தான் பகலில் குழந்தையைக் கவனித்துக்கொள்கிறார். குப்புற விழுந்தது, தவழ்ந்தது, முதல் பல் எட்டிப் பார்த்தது எல்லாம் அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

"எனக்குன்னு ஒண்ணாவது மிச்சம் வைக்கக்கூடாதா?" என்று ஒவ்வொரு தடவையும் அடித்துக்கொள்வாள். முதல் நடையையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமென்று மனசு கிடந்து ஏங்கியது. போன மாதம் காப்பகத்துச் சட்டத்தை அவரிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, துணி மடிக்கும் நேரத்தில் போன் அடித்தது.

"வேலை முடிஞ்சதும் நேரா வந்துடு. இன்னைக்கோ நாளைக்கோ நடந்துடுவா போல இருக்கு" என்றார்.

கையிலிருந்த துண்டு பாதி மடிப்பில் நின்றது. அவளிடமே அவள் பாடத்தை ஒப்பிக்கிறாரே மனிதர்!

"நிஜமாவா? இதோ வந்துடறேன்" என்றாள்.

வீட்டில் நாற்காலிகள் ஏற்கெனவே சுவரோரம் ஒதுங்கியிருந்தன. கை நீட்டி உட்கார்ந்தவளைப் பார்த்ததும் பெண் நாலு எட்டு வைத்து வந்து மடியில் விழுந்தாள். ஒரு தடுமாற்றம் இல்லை. நடக்க ஆரம்பித்து மூணு நாளாவது ஆகியிருக்கும் என்று சின்னக்காவின் அனுபவம் சொல்லிற்று.

"என் தங்கமே! அம்மாவுக்குன்னு வச்சிருந்தியா?"

"எனக்குக்கூட காட்டல, கள்ளி" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்து அழுதாள். தலைகால் புரியாமல் ஓடி வந்த அம்மாக்கள் எல்லோரும் தெரிந்தேதான் ஓடி வந்தார்களோ?

நாளைக்குக் காலையில் முதல் வேலையாகக் காப்பகத்தில் சொல்ல வேண்டும், 'என் பொண்ணு நடந்துட்டா, நான்தான் முதல்ல பார்த்தேன்' என்று. ஆயாக்கள் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.