எழுந்திரிக்கக் கூடாது

மங்கையர்க்கரசி இரண்டு தோணிகளிலும் மாறி மாறி ஏறி இறங்கினாள். ஆற்றில் மட்டி அள்ளும் சலோமி, தோணிகளுக்குச் சொந்தக்காரி, இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பொடவக் கடையில கூட இவ்ளோ நேரம் ஆவாது டீச்சர்."

ஒன்று ஒல்லி, தார் பூசிப் பளபளத்தது. உட்கார்ந்ததுமே நெளிந்தது. மற்றது மாட்டுத்தொட்டி மாதிரி அகலம். அவள் வேண்டுமென்றே ஒரு பக்கம் சாய்ந்தாலும் லேசாகத் தலையாட்டிவிட்டு நிமிர்ந்துகொண்டது. அடி தட்டையாக இருப்பதாலா? கைவிட்டுத் தடவிப் பார்த்தாள்.

"தொட்டியையே குடு."

அக்கரைப் பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் தற்காலிக வேலை. ஓடக்கார மருதையன் ஆள் சேர்ந்தால்தான் ஓடத்தை எடுப்பார். பாலத்தைச் சுற்றிப் போனால் இரண்டு பஸ். ஏற்கெனவே இரண்டு நாள் பள்ளிக்குத் தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை என்றால் வேறு ஆளைப் போடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

இடுப்பளவுத் தண்ணீரில் பழகினாள். விழுந்தால் மிதக்கட்டும் என்று மூடி இறுக்கிய காலி எண்ணெய் டின் ஒன்றைச் சலோமி முதுகில் கட்டிவிட்டிருந்தாள். இடப்பக்கம் துடுப்புப் போட்டால் தோணி வலப்பக்கம் திரும்பியது. அந்த அதிசயத்தையே பத்துத் தடவை செய்து பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். எது வந்தாலும் எழுந்திரிக்கக் கூடாது. பாம்பு வந்தாலும் ஒக்காந்தே இருங்க."

பாம்பு வரவில்லை. விழிதியூர் வயலில் நாற்றைப் பார்த்துவிட்டு, குடையோடு மாமனார் குஞ்சிதபாதம் கரையில் வந்து நின்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் எதிரே அவள் உட்கார்ந்ததே இல்லை. கால் தானாக எழுந்தது. தொட்டியும் கவிழ்ந்தது.

வாயில் சேற்றுத் தண்ணீரோடு மேலே வந்தவள் அப்போதும் முந்தானையைத்தான் இழுத்துப் போர்த்தினாள். சலோமி சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். குஞ்சிதபாதம் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார். வீட்டிலும் பேசவில்லை. வேலையை விட்டுவிடச் சொல்வாரோ என்று இரண்டு நாள் காத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை, பதிவேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, முதுகில் டின்னோடு தோணியின் நடுவில் சம்மணமிட்டாள். இருபது அடி போயிருப்பாள். பின்னால் ஒரு செருமல் கேட்டது. தெரிந்த செருமல். தொடை இறுகியது, தோணி ஆடியது.

"எழுந்திரிக்காதம்மா."

தலையை மட்டும் திருப்பினாள். குஞ்சிதபாதம் குடையை மடக்கினார். சலவை வேட்டி என்றும் பார்க்காமல் ஈரச் சேற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"இப்பப் போ."

அவள் வலப்பக்கம் துடுப்புப் போட்டாள். தோணி மெல்ல மூக்கைத் திருப்பியது. அக்கரை வேப்பமரத்தில் பள்ளிக்கூட மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டை இன்னும் யாரும் அடிக்கவில்லை.