பெரட்டு நின்று அணைத்த தீ

1

இந்தக் கதை மலேசியாவில், பகாவ் பேருந்து நிலையத்தில் என் காதில் விழுந்த ஒரே வாக்கியத்தில் பிறந்தது. "எங்க தோட்டத்துல தீயைப் பெரட்டு நின்னுதான் அணைச்சோம்லா" என்றார் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம். அதற்குள் பேருந்து வந்து, ஏறிப் போய்விட்டார். மீதி முழுக்க நான் கட்டியது. எவ்வளவு உண்மை என்று கேட்டுச் சண்டைக்கு வராதீர்கள்.

(பெரட்டு என்றால், விடியலில் மணியடித்ததும் ஆட்கள் வரிசையில் நிற்க, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெயர் கூப்பிடுவது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

2

முதல் தொடக்கம்: "அவசரகாலத்தின் கருமேகம் நெகிரி செம்பிலான் மீது..." சீ. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "வீரத்தின் மறுபெயரான தங்கராஜு மண்டோர்..." மனிதர் அப்படியில்லை. அதுவும் போயிற்று.

நடந்ததையே சொல்கிறேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர் சண்டை போட்ட அவசரகாலம். பெடாஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். ஆட்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே கேட், அதில் துப்பாக்கியோடு ஒரு காவலர். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகிறதா என்று வாளி வாளியாக எட்டிப் பார்ப்பது அவர் வேலை. ஆறு ஓடுவது வேலிக்கு வெளியே. தோட்டத்துத் தீயணைப்புப் படைக்குத் தங்கராஜு மண்டோர் தலைவர். படை என்றால் ஒரு கைப்பம்பும் அதைத் தள்ள நாலு ஆம்பிளைகளும்தான்.

ஒரு மாலை ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் காயவைக்கும் கொட்டகை பற்றிக்கொண்டது. மண்டோர் மணியடித்தார். சனம் ஓடிவந்து வரிசையில் நின்றது. மணி என்றால் பெரட்டு, வேறென்ன? அதைவிடக் கூத்து, வரிசையைக் கண்டதும் மண்டோரும் பழக்கத்தில் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். கூரை விழுந்த சத்தத்தில்தான் நிறுத்தினார்.

(இவரை இவ்வளவு அசடாக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் நானும் பிறந்ததிலிருந்து அந்த மணிக்கே எழுந்து, அந்த மணிக்கே நின்றிருந்தால்...)

3

மறுநாள், வெட்டிய ரப்பர் பாலை நிறுத்துக் கொடுக்கும் ஸ்டோரில், பஞ்சாலை என்பவள் அவரைப் பிடித்துக்கொண்டாள். கைக்குழந்தைக்காரி, சரியான வாயாடி.

"ஏன் மண்டோரே, தீயோட பேரையும் கூப்பிட்டீங்களா? 'இருக்கேன்யா'ன்னுச்சா?"

"வாய மூடு புள்ள. நீங்க எதுக்கு வரிசையில நின்னீங்க?"

"எங்களுக்குத் தெரிஞ்சது அதானே. நிக்கிற வரிசைய ஆத்துப் பக்கம் திருப்பிவிட வேண்டியதுதானே? வாளி எங்க கையிலதான் இருக்கு."

திட்ட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கோபம் வந்ததுதான், யோசனை அதைவிடப் பிடித்துப்போயிற்று. நேரே துரையிடம் போய், பெண்களும் படையில் வேண்டும், மணியடித்தால் கேட் திறக்க வேண்டும் என்றார். காவலரையும் வரிசையில் சேர்த்துக்கொண்டால் சரி என்றார் துரை. ஞாயிறுதோறும் பழக்கினார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம். ஒரே சட்டம், அதுவும் பஞ்சாலை போட்டது: "எடத்த விட்டு எவ நகந்தாலும் தண்ணி நின்னுரும். என்ன ஆனாலும் நகரக்கூடாது."

4

அடுத்துப் பற்றியது ஆயாக்கொட்டகை. தாய்மார் பால் வெட்டப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகும் இடம். பஞ்சாலையின் குழந்தையும் உள்ளே.

மணி கேட்டதும் பெண்கள் அன்றைய பாலை மண்ணில் கொட்டிவிட்டு வெறும் வாளியோடு ஓடிவந்தார்கள். ஆற்றிலிருந்து கேட் வழியாகக் கொட்டகை வரை வரிசை நின்றது. காவலர் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு வாளி வாங்கினார். ஒன்றையும் எட்டிப் பார்க்கவில்லை. ஆயா வள்ளியம்மாவும் படை ஆட்களும் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போய், பிள்ளைகளைத் தூக்கிப் பின்பக்கமாகக் கொண்டுபோனார்கள்.

பஞ்சாலையின் இடம் கேட்டருகே. அங்கிருந்து பின்பக்கம் தெரியாது. அழுதுகொண்டே வாங்கினாள், கொடுத்தாள். ஓடிப்போய்ப் பார் என்று எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் நகரவில்லை.

தீ அணைந்தது. பாதிக் கூரை மிஞ்சியது. அடேயப்பா, எழுதும்போதே எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

5

சோக முடிவு ஒன்றும் கைவசம் இருந்தது. பரிசுகூட வாங்கியிருக்கும். கிழித்துப் போட்டேன்.

வரிசை கலையுமுன் மண்டோர் குரல் கொடுத்தார். "பெரட்டு."

இம்முறை பிள்ளைகளின் பெயர்கள். வள்ளியம்மா பிள்ளைகளை முன்பக்கம் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, பெற்றவள் வரிசையிலிருந்தே பதில் சொன்னாள். செல்லம். இருக்குய்யா. கணேசமூர்த்தி. இருக்குய்யா. ஒன்றுதான் மீதி. வள்ளியம்மா கையில் வீறிட்டுக் கத்தியது. பஞ்சாலை கண்டுவிட்டாள், சிரிக்கிறாள், அழுகிறாள், தோட்டமே கைதட்டுகிறது. ஆனால் கூப்பிட மண்டோரிடம் பெயர் இல்லை. அவசரகாலத்தில் கூட்டம் கூடத் தடை என்று குழந்தைக்குப் பேர் வைப்பது தள்ளிக்கொண்டே போயிருந்தது.

"இன்னிக்குத்தான் கூட்டம் கூடிருச்சே. ஒரு பேரு சொல்லுங்க யாராச்சும்" என்றார் மண்டோர்.

நான்கு பெயர்கள் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். அந்த வரிசையில் ஒரு வாளிகூட வாங்கிக் கொடுக்காதவன் நான். நீங்களே வையுங்கள். பெண் பிள்ளை. கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், பஞ்சாலை கேட்டருகே நிற்கிறாள். "இருக்குய்யா" சொல்ல வாயைத் திறந்தாயிற்று.